வெள்ளிச் சாயம் பூசிய பாய்லர்

சென்ற மாதம் எங்கள் பழைய பட்டறைக்காரர்கள் சிலர் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடினோம். நண்பர் ஒருவர் தன் மகனையும் அழைத்து வந்திருந்தார். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கிறான். கைப்பேசியில் எதையோ படித்துவிட்டுச் சிரித்தான். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில், மருத்துவமனை கட்ட வந்த பணத்தில் மந்திரி தனக்கு மாளிகை கட்டிக்கொண்டாராம்.

"அங்க எல்லாம் அப்படித்தான் லா அங்கிள். நீங்க கூட அங்க வேலைக்குப் போனீங்கன்னு அப்பா சொன்னாரு. எப்படி இருந்துச்சு?"

சொல்ல வாயெடுத்தேன். மீன்தலைக் கறி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோர நாடு, அவ்வளவு போதும். இந்தக் கதையில் வருகிறவர்களின் பிள்ளைகள் அங்கே இன்னும் வாழ்கிறார்கள்.

நான் பிறந்தது இங்கே மலேசியாவில், சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். நான் பள்ளியை விட்ட சமயத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். செம்பனைக் குலையை மரத்திலிருந்து அறுத்தவுடன் நீராவியில் அவித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டுப்போகும். ஆகவே செம்பனை போகிற இடமெல்லாம் ஆலை போகும், ஆலை போகிற இடமெல்லாம் பாய்லர் போகும். ஈப்போவில் பாய்லர் செய்கிற பட்டறை ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. எழுபதுகளின் நடுவில் இரும்புத் தூள் கூட்டிப் பெருக்குகிறவனாகச் சேர்ந்தேன். பிறகு தகடு பிடிக்கிறவன், பிறகு பிட்டர், பிறகு போர்மன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கை நிறையத் தழும்பு, மனம் நிறையக் கூட்டாளிகள். மத்தியானம் ஆ செங் கொண்டு வரும் வறுத்த மீனும் என் வீட்டுப் புளிக்குழம்பும் ஒரே தாளில்தான் கலக்கும். ஆ செங் எங்கள் வெல்டர். எனக்குக் கான்டனீஸ் வராது, அவனுக்குத் தமிழ் வராது. மலாயில் சண்டை போட்டுக்கொள்வோம்.

எங்களுக்கு மேலே ஆரோக்கியசாமி சார் இருந்தார். பத்து காஜா பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸரின் மகன். அந்த எண்ணெயிலும் கரியிலும் அவர் ஒருவர்தான் தினமும் வெள்ளைச் சட்டை போட்டு வருவார். யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நாங்கள் நினைத்ததுண்டு.

ஒவ்வொரு பாய்லரும் பட்டறையை விட்டுப் போவதற்கு முன்னால் தண்ணீர்ச் சோதனை நடக்கும். மேலே காற்றுக் குழாயைத் திறந்து வைத்து, கீழிருந்து பச்சைத் தண்ணீரை நிரப்புவோம். மேல்குழாயில் தண்ணீர் வழிந்தால் உள்ளே காற்று இல்லை என்று பொருள். குழாயை மூடிவிட்டுக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவோம். வேலை செய்யும்போது தாங்க வேண்டிய அழுத்தத்துக்கு மேலும் பாதி. அவசரப்படக் கூடாது. முள் ஏற ஏற, பட்டறையில் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். பச்சைத் தண்ணீரால் ஆபத்து இல்லை. தகடு பிளந்தாலும் தண்ணீர் ஒழுகும், அழுத்தம் இறங்கிவிடும். அதே பிளவு நீராவியோடு நடந்தால் கூரை இருக்காது, சுற்றி நிற்கிறவர்களும் இருக்க மாட்டார்கள்.

அழுத்தம் ஏறி நின்றதும் சார் பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பார். வெல்டிங் போட்ட ஒவ்வொரு தடத்திலும் அதை மெல்ல ஒற்றிக்கொண்டே போவார். கண்ணுக்குத் தெரியாத ஈரம் துணிக்குத் தெரியும். ஈரம் பட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். கைக்குட்டையை நாலாக மடித்து, அந்த இடத்தை வெல்டிங் செய்தவன் கையில் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விடுவார். ஆ செங் ஒரே ஒரு தடவை அதை வாங்கினான். அன்று அவன் சாப்பிடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் யோசுவா வந்தான். நான் சொன்ன அந்த ஆப்பிரிக்க நாட்டு அரசாங்கம் எங்கள் பட்டறை முதலாளி தவுக்கேயிடம் ஒரு செம்பனை ஆலைக்கே ஆர்டர் கொடுத்திருந்தது. ஆலைக்கு மேனேஜராகப் போகிறவன் எங்களோடு இருந்து வேலை பழக வேண்டும் என்று ஏற்பாடு. நெடுநெடுவென்று உயரம். புந்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருந்தது, அங்கேயே தங்கினான். முதல் நாள் என் மனைவி கமலா சோறு போட்டுவிட்டு, காரம் அதிகமோ என்று பயந்து என்னைப் பார்த்தாள். அவன் சாப்பிட்டு முடித்துவிட்டு, மிளகாய் இல்லையா என்று கேட்டான்.

ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவன் பேச்சை என் தமிழில் எழுதுகிறேன். பட்டறைப் பையன்கள் அவனுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த தமிழ் வார்த்தை 'மச்சான்'. மரியாதையான வார்த்தை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை வாசலில் ஆரோக்கியசாமி சார் வந்து இறங்கினார். யோசுவா நிமிர்ந்து நின்று, "குட்மார்னிங் மச்சான்" என்றான். பட்டறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சார் அவனை ஒரு தடவை பார்த்தார்.

"குட்மார்னிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுங்காய்க்குப் போனேன். அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டுச் செம்பனைக்காட்டுக்குள் நடந்தோம். யோசுவா ஒரு மரத்தில் கையை வைத்து நின்றுவிட்டான்.

"இது எங்க ஊரு மரம், தெரியுமா? எங்க பாட்டன் காலத்துல காட்டுல தானா வளர்ந்தது. வெள்ளைக்காரன்தான் இங்க கொண்டு வந்தான்."

"தெரியும்" என்றேன்.

அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் நூல் பிடித்த மாதிரி வரிசை. "இங்க வந்து வரிசையில நிக்கக் கத்துக்கிச்சு" என்று சிரித்தான்.

"எங்க தாத்தாவும் அப்படித்தான்" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவன் திரும்பி, தூரத்தில் வரிசையாகத் தெரிந்த தொழிலாளர் லயங்களைப் பார்த்தான். அதன் பிறகுதான் எங்களுக்குள் நெருக்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

அவனுடைய பாய்லரை அவனும் நாங்களும் சேர்ந்துதான் செய்தோம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிற ஆள் இல்லை. தகடு வளைக்கும்போது எங்களோடு சேர்ந்து தோள் கொடுப்பான். சோதனை அன்று சார் கைக்குட்டையோடு சுற்றி வந்தபோது அவனும் பின்னாலேயே போனான். துணி காய்ந்தே இருந்தது. பெரிய லோரியில் பாய்லரை ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிய நாளில் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். யோசுவாவும் ஊருக்குக் கிளம்பினான். கமலா அவனுக்கு ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் நீ அங்க வா மாரி. நான் உனக்கு எங்க ஊரு மரத்தைக் காட்டுறேன். வரிசை இல்லாதது."

போனேன். ஆலையை நிறுத்திக் கொடுக்க என்னையும் ஆ செங்கையும் தவுக்கே அனுப்பினார். கமலாவுக்கு அப்போது வயிற்றில் இரண்டாவது பிள்ளை. அங்கே விமான நிலையத்திலேயே, இந்த ஆலைக்குப் பொறுப்பான மந்திரியின் செயலாளர் என்று ஒருவர் வந்து எங்களை வரவேற்றார். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. பதிவு செய்ய வேண்டும் என்று பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

ஆலை இருந்த ஊர் செம்மண் பூமி. சுற்றிலும் செம்பனை, யோசுவா சொன்னபடியே வரிசை இல்லாமல், கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. குலைகளிலிருந்து எண்ணெய் எடுப்பது அங்கே பெண்களின் தொழில். பெரிய பானைகளில் அவித்து, உரலில் இடித்து, கையால் பிழிவார்கள். ஆலை வந்தால் இடுப்பு ஒடிகிற வேலை போகும் என்று அவர்கள்தான் அதிகம் காத்திருந்தார்கள்.

யோசுவா எங்களைக் கட்டிப் பிடித்தான். ஆனால் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. "முதல்ல பாய்லரைப் பாரு" என்றான்.

கூரைக்கடியில் பாய்லர் நின்றது. புத்தம் புது வெள்ளிச் சாயம், மேலே அந்த நாட்டுக் கொடி வரைந்திருந்தது. ஆ செங் கிட்டே போய், சாயத்தின் மேல் விரலை ஓட்டினான். விரல் மேடு பள்ளமாக ஏறி இறங்கியது. சாயத்துக்குக் கீழே வரிசை வரிசையாக ரிவெட் ஆணிகள். அந்தக் காலத்தில் தகடுகளை ஆணி அடித்துச் சேர்த்துச் செய்த பாய்லர் அது. நாங்கள் செய்ததில் ஓர் ஆணி கூடக் கிடையாது, முழுக்க வெல்டிங்.

"இனி புக்கான் கித்தா புன்யா, மாரி" என்றான் ஆ செங் மெதுவாக. இது நம்முடையது இல்லை.

யோசுவா நடந்ததைச் சொன்னான். துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்து வருகிற வேலை மந்திரிக்கு வேண்டிய ஆளிடம் போயிருந்தது. எங்கள் பாய்லர் மந்திரியின் மைத்துனனுடைய மர ஆலைக்குப் போய்விட்டது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய மர அறுவை ஆலை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த பாய்லரைத் தூக்கி வந்து, சாயம் பூசி, இங்கே நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் தெரியும். லோரி ஓட்டியவன் யோசுவாவின் சர்ச்சுக்கு வருகிறவன்.

"மேலே புகார் சொல்லலியா?" என்றேன்.

"யார்கிட்ட? புகார் போனா அதே மந்திரி கிட்டத்தான் போகும். சுதந்திரம் வந்தப்ப எங்க அப்பா தெருவுல ஆடினாரு மாரி. நான் சின்னப் பையன், அவரு தோள்ல உக்காந்திருந்தேன். இனிமே எல்லாம் நம்முடையதுன்னு கத்தினாரு." பாய்லரைக் காட்டினான். "இதுவும் நம்முடையதுதான்."

அதற்குள் நாட்டின் அதிபர் வந்து ஆலையைத் திறந்து வைப்பதாக நாள் குறித்துவிட்டார்கள். அவர் ஹெலிகாப்டரில் வரும்போது புகைபோக்கியில் புகை தெரிய வேண்டும். நீராவி வர வேண்டும். செயலாளர் வந்து, "நீங்கள் தீ மூட்டினால் போதும், ஒரு மணி நேரம் ஓடினால் போதும்" என்றார். தண்ணீர்ச் சோதனை செய்யாமல் முடியாது என்றேன். புதுப் பாய்லருக்கு எதற்குச் சோதனை, ஈப்போவிலேயே செய்து அனுப்பிவிட்டீர்களே என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மாவட்ட நகரத்துத் தபால் நிலையத்துக்குப் போய் ஈப்போவுக்குப் போன் போட்டேன். தவுக்கே எடுத்தார். கடல் இரைவது போல இரைச்சல். நான் விவரத்தைச் சொன்னேன். அவர் சமாதானமாகப் பேசினார்.

"சின்ன நெருப்பு போதும் லா மாரி. பாதிகூட ஏத்த வேணாம். சடங்கு முடிஞ்சதும் அணைச்சிட்டு நீங்க வந்துடுங்க. அப்புறம் அவங்க பிரச்னை. நம்ம பட்டறைக்கு இன்னும் ரெண்டு ஆலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

அவர் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டவர். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் போனை வைத்துவிடப் போனேன். நம் பக்கத்து ஆளும் அதையே சொல்கிறாரே என்று. அப்போது போனில் வேறு குரல் கேட்டது.

"மாரி, நான் ஆரோக்கியசாமி பேசுறேன். பக்கத்துலதான் நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ பத்த வைக்காத. யாரு சொன்னாலும் பத்த வைக்காத. நான்தான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லு."

பின்னால் தவுக்கே ஏதோ கத்துவது கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது.

யோசுவாவிடம் வந்து சொன்னேன். அவன், "அந்தச் சோதனையைச் செஞ்சே ஆகணும். எல்லாரும் பாக்கறப்ப செய்யணும்" என்றான்.

"செயலாளர் விட மாட்டார்."

"ஜெபம் பண்ண வேணாம்னு யாரும் சொல்ல முடியாது இல்ல?"

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், புது ஆலைக்காக ஜெபம் செய்ய வாருங்கள் என்று போதகர் ஊரையே அழைத்துவிட்டார். ஊர்த் தலைவர் வந்தார். செயலாளரும் வந்தார், அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், தலையில் பெரிய துணிக்கட்டோடு, குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் விடியற்காலையிலேயே பாய்லரில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். யோசுவா எனக்குத் தலையசைத்தான். நான் பம்பைப் பிடித்தேன்.

முள் மெதுவாக ஏறியது. செயலாளர் அது சடங்கின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார். கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி தூரம் கூட ஏறவில்லை. ஓர் ஆணியின் தலையைச் சுற்றிச் சாயம் குமிழிட்டது. பிறகு 'சுர்' என்று ஒரு நூல் தண்ணீர். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசை முழுக்க, பூவாளி மாதிரி பீய்ச்சியடித்தது. செயலாளரின் சூட்டில், போதகரின் அங்கியில், தலைவரின் காலில் எல்லாம் துருத் தண்ணீர். பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். ஜெபம் நின்றுவிட்டது.

வயதான அந்தத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, ஒழுகுகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்து யோசுவாவிடம் ஏதோ கேட்டார். இது நீராவியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாராம். யோசுவா அவர்கள் மொழியில் பதில் சொன்னான். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் புரிய வேண்டிய தேவையும் இல்லை. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். யோசுவா நிறுத்தவில்லை. தன் நெஞ்சைத் தொட்டான், என்னையும் ஆ செங்கையும் காட்டினான், பாய்லரைக் காட்டித் தலையை ஆட்டினான். நாங்கள் செய்தது இது இல்லை, அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், என்று செயலாளர் காதுபட, ஊர் முன்னால் சொல்லிவிட்டான்.

கூட்டம் கலைந்த பிறகு அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஒழுகினதே போதாதா? அதை எதுக்குச் சொன்னே?"

"ஒழுகுறதை மட்டும் பாத்தா, ஆணியை அடைச்சிட்டு வேற யாரையாவது வச்சுக் கொளுத்துவாங்க. இப்ப பக்கத்துல நிக்க இந்த ஊர்ல ஒரு ஆள் கிடைக்காது."

அவன் சொன்னது சரிதான். தீ மூட்ட ஒருவரும் கிடைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஜீப் ஒன்று வந்து யோசுவாவை ஏற்றிக்கொண்டு போனது. அரசாங்கச் சொத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தினான் என்பது குற்றச்சாட்டு. அவன் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏறும்போது என்னைப் பார்த்து, "ஊருக்குப் போய்ச் சேரு. கமலாவைக் கேட்டேன்னு சொல்லு" என்றான். நான் ஒன்றும் செய்யவில்லை. என்ன செய்ய முடியும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

மறுநாள் விழா நடந்தது. செயலாளரின் ஆட்கள் புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்து, பழைய லோரி டயர்களைப் போட்டு எரித்தார்கள். கருகருவென்று புகை எழுந்தது. அதிபர் வந்து இறங்கினார். வாத்தியம் முழங்கியது. அவர் ஒரு பிடியை இழுத்தார். டீசல் ஜெனரேட்டரில் போட்ட விளக்குகள் எரிந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். எங்களையும் வெள்ளைச் சட்டை போட வைத்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அதிபர் என் கையைக் குலுக்கி, உங்கள் நாட்டுக்கு நன்றி என்றார். டயர் புகையில் எனக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆ செங் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பாஸ்போர்ட்டுகளை விமான நிலையத்தில்தான் கொடுத்தார்கள்.

ஈப்போவுக்கு வந்து பட்டறைக்குள் நுழைந்தால், சாரின் மேசையில் வேறு ஆள். சாரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதே வெள்ளைச் சட்டை.

"என்னாலதானே சார்" என்றேன்.

"ஸ்டோர்ல ஃபேன் இருக்கு மாரி. பட்டறையில இல்ல" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

யோசுவாவுக்கு எழுதினேன். பதில் இல்லை. கமலா எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் பிறந்து, நடந்து, பேச ஆரம்பித்தாள். ஒரு நாள் வானொலியில் அந்த நாட்டின் பெயர் வந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது, அதிபர் ஓடிவிட்டார், மந்திரிகள் சிறையில். கமலா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அப்ப யோசுவா அண்ணனை விட்டிருப்பாங்க இல்ல?"

விட்டிருந்தார்கள். கொஞ்ச காலம் கழித்து, மறுபடி ஆலை மேனேஜரான யோசுவாவிடமிருந்து பட்டறைக்கு டெலக்ஸ் வந்தது. மர ஆலையிலிருந்து பாய்லரை மீட்டாயிற்று, பழுது பார்த்து நிறுத்திக் கொடுக்க ஆள் வேண்டும், கூலி புது அரசாங்கம் தரும். சோதனையை ஆரோக்கியசாமி செய்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும் என்று கீழே ஒரு வரி. தவுக்கே அதைக் கையில் வைத்துக்கொண்டு தானே ஸ்டோருக்கு நடந்து போனதை நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பேசினார். சார் கேட்டுவிட்டு, கையிலிருந்த பொருள்களை அதனதன் பெட்டியில் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆலை ஓட ஆரம்பித்த மறு வருடமே, புது ஆட்சியின் கேப்டன் ஒருவர் யோசுவாவிடம் வந்தார். குலை ஏற்றத் தன் தம்பியின் லோரிகளை மட்டுமே விட வேண்டும் என்றார். யோசுவா முடியாது என்றான். அவனை மீன்வளத் துறையில் ஒரு மேசைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தான். ஆலை வேறு கைகளில் சில காலம் ஓடி, பிறகு நின்றுபோனது. சாரும் போய்விட்டார், யோசுவாவும் போய்விட்டான். அவன் மகள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே எல்லாம் அப்படித்தான் என்று யாராவது சொன்னால், டயரை எரித்தவர்களோடு கூட, அதே ஊரில் தீ மூட்ட மறுத்தவர்களும் எனக்கு ஞாபகம் வருகிறார்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது, அந்த இரண்டாம் பயணத்தில் பாய்லருக்கு முதல் தீ மூட்டிய காலையை.

யோசுவா பாதியாக இளைத்திருந்தான். சிறையின் ஈரத்தில் அவன் கைகளுக்கு நடுக்கம் வந்திருந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும்தான் பிடிப்பான். குழாய்களை மாற்றி, கரியைச் சுரண்டி, நாங்கள் செய்த பாய்லரை மறுபடி நாங்களே நிறுத்தியிருந்தோம். தண்ணீர்ச் சோதனையில் சாரின் கைக்குட்டை காய்ந்தே இருந்தது. அடுப்பில் காய்ந்த செம்பனை நாரை அடுக்கியாயிற்று. ஊர்ப் பெண்கள் குலைகளைக் கூடை கூடையாகக் கொண்டு வந்து வெளியே காத்திருந்தார்கள்.

யோசுவா தீப்பெட்டியைச் சாரிடம் நீட்டினான். சார் வாங்கவில்லை.

"நீங்க பத்த வைங்க" என்றார்.

யோசுவா அடுப்பின் முன்னால் குந்தினான். முதல் குச்சி கைநடுக்கத்தில் ஒடிந்தது. அடுத்தது பற்றி, நாரிடம் போவதற்குள் அணைந்தது. அடுத்ததும் அப்படியே. நான் உதவி செய்யக் கையை நீட்டினேன். சார் என் தோளைத் தொட்டார்.

"இரு மாரி."

இருந்தோம். ஆ செங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வெளியே இருந்த பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யோசுவா ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக இன்னொரு குச்சியை உரசினான். சுடர் நின்றது. நாரின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பிறகு உள்ளே 'புஸ்' என்று பற்றிக்கொண்டது.

அவன் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் முகத்தில் ஆட, அங்கேயே குந்தியிருந்தான். வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி தலைக் கூடையோடு உள்ளே வந்தாள். வயதானவள். நீராவி ஏற இன்னும் வெகுநேரம் ஆகும், கூடையை வெளியே வைக்கலாம் என்று யோசுவா அவளிடம் சொன்னான். அவள் ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"அவசரம் இல்லையாம். இதைப் பாக்கத்தான் வந்தாளாம்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு, யோசுவாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவளும் தீயைப் பார்க்க ஆரம்பித்தாள்.